ஷெர்லியின் டிவி ஸ்டேஷன்

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களில் ரெண்டு வகை உண்டு. ரிட்டர்ன் டிக்கெட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. வீட்டைக் காலி பண்ணி, சாமான் செட்டைக் கட்டிக்கொண்டு, "இனிமே இதுதான் நம்ம ஊரு" என்று போகிறவர்கள் இன்னொரு வகை. நான் சந்தேகமே இல்லாமல் முதல் வகை. வங்கி மென்பொருளில் ஆணி பிடுங்குவது நம்ம தொழில். அதுக்காகத்தான் கம்பெனி என்னை கானாவின் தலைநகர் அக்ராவுக்கு ஆறு மாசம் என்று சொல்லி அனுப்பியது. ஆறு இப்போ பதினொன்று ஆகிவிட்டது. சாஃப்ட்வேர் கணக்கு அப்படித்தான் :-)

இங்கே நான் எழுத வந்தது ரெண்டாவது வகை ஆள் ஒருவரைப் பற்றி. ஷெர்லி கிரஹாம் டு பாய்ஸ். கொஞ்ச நாளாக மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறார்.

ஷெர்லி 1896-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். இசை படித்தவர். அவர் எழுதி இசையமைத்த ஆப்பரா ஒன்று 1932-ல் கிளீவ்லண்டில் மேடையேறியது. பிறகு கருப்பினத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள் எழுதினார். 1961-ல் 'ஃப்ரீடம்வேஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் ஆசிரியரும்கூட. 1951-ல் அவர் கல்யாணம் செய்துகொண்டது டபிள்யூ. இ. பி. டு பாய்ஸை. அமெரிக்கக் கருப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பெரிய மனுஷர். அமெரிக்க அரசாங்கத்துக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பாஸ்போர்ட்டையே பிடுங்கி வைத்திருந்தார்கள். 1957 மார்ச் 6-ல் கானா சுதந்திரம் வாங்கியபோது அழைப்பு வந்தும் அவரால் போக முடியவில்லை.

1961 அக்டோபரில் ரெண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். அவருக்கு வயசு 93. ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லிக் கூப்பிட்டது கானாவின் ஜனாதிபதி குவாமே இன்க்ருமா. அக்ராவில் கண்டோன்மெண்ட்ஸ் என்ற பகுதியில் ஒரு பங்களாவும் கொடுத்தார். 1963 ஆகஸ்ட் 27-ல் டு பாய்ஸ் இறந்துபோனார். மறுநாள்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்த மாபெரும் பேரணி.

கணவர் போயாச்சு. வயசு அறுபத்தாறு. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். ஷெர்லி அக்ராவிலேயே இருந்தார். அடுத்த வருடம் அவர் கையில் இன்க்ருமா கொடுத்த வேலை, இன்னும் பிறக்காத கானா டெலிவிஷனின் இயக்குநர் பதவி. இசை தெரியும், நாடகம் தெரியும், எழுத்து தெரியும். டிவி நடத்திப் பழக்கம் கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னணி சொல்லணும். கானாவில் ஒலிபரப்பு தொடங்கியது 1935 ஜூலை 31. ஆங்கிலேயர் காலம், நாட்டின் பெயர் கோல்ட் கோஸ்ட். நிலையத்தின் பெயர் ஜோய் (இசட், ஓ, ஒய் என்ற மூன்று எழுத்து). அக்ராவில் ஒரு சில நூறு வீடுகளுக்குக் கம்பி இழுத்து, லண்டன் பி.பி.சி. நிகழ்ச்சிகளை ஒரு பெட்டி வழியாகக் கேட்க வைத்தார்கள். கேட்டதில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான். சுதந்திரம் வந்ததும் இன்க்ருமா இதை அப்படியே திருப்பிப் போட்டார். லண்டன் பேசுவதை அக்ரா கேட்டது போதும், அக்ரா பேசுவதை ஆப்பிரிக்கா கேட்கட்டும் என்று 1961-ல் வெளிநாட்டு ஒலிபரப்பு தொடங்கினார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஹவுசா, சுவாஹிலி என்று பல மொழிகள்.

டிவிக்கும் 1959-லேயே கனடாவின் சி.பி.சி. நிறுவனத்திலிருந்து ரெண்டு நிபுணர்களைக் கூப்பிட்டுத் திட்டம் கேட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் பக்கத்து நாடான நைஜீரியாவில், இபாடான் நகரத்தில் டிவி வந்துவிட்டது. அது ஒரு பிரிட்டிஷ் தனியார் கம்பெனியோடு கூட்டு. கானா அந்த வழியில் போகவில்லை. 1965 ஜூலை 31, அதாவது ரேடியோ வந்து சரியாக முப்பது வருடம் கழித்து, கானா டெலிவிஷன் தொடங்கியது. மலிவான பொழுதுபோக்குக்கோ வியாபாரத்துக்கோ இது இல்லை, மக்களுக்குக் கல்வி கொடுக்கத்தான் என்று இன்க்ருமா தொடக்க விழாவில் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஷெர்லியின் ஆசையும் அதுதான். அமெரிக்க சினிமாவில் வேலைக்காரனாகவும் காட்டுவாசியாகவும் மட்டுமே தன் மக்களைப் பார்த்துச் சலித்தவர் அவர். தன் முகத்தைத் தானே காட்டிக்கொள்கிற ஒரு திரை கிடைத்தால் விடுவாரா?

இதுவரை படித்தால் ஷெர்லி ஒரு முழு ஹீரோயின். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

தினமும் நான் ஆபீஸ் போகிற வழியில், ரிங் ரோட்டில்தான் கானா பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன் இருக்கிறது. ஒருநாள் டாக்சி டிரைவரிடம் அதைக் காட்டி "இது எவ்வளவு பழசு?" என்று கேட்டேன். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும் அவருக்கு. சிரித்துக்கொண்டே, "பழசு புதுசு தெரியாது சார். இந்த ஊர்ல யாராச்சும் ஆட்சியைப் பிடிக்கணும்னா மொதல்ல இங்கதான் வருவாங்க" என்றார். அவர் ஜோக்காகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜே. பி. டான்குவா என்று ஒரு வக்கீல். கானா சுதந்திரப் போராட்டத்தின் மூத்த தலைவர். 1947-ல் லண்டனில் இருந்த இன்க்ருமாவை "வா, வந்து கட்சி வேலை பாரு" என்று கூப்பிட்ட கட்சியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். பிறகு ரெண்டு பேரும் எதிரெதிர் பக்கம் போனார்கள். 1958-ல் இன்க்ருமா அரசாங்கம், விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1964-ல் கானா ஒரே கட்சி நாடானது. அதே சட்டத்தில் கைதான டான்குவா, 1965 பிப்ரவரி 4-ல் இன்சவாம் சிறையில் இறந்தார். கிட்டத்தட்ட ஆறு மாசம் கழித்து, அதே அக்ராவில், மக்களுக்குக் கல்வி கொடுக்க டிவி தொடங்குகிறது. அதன் தலைமை நாற்காலியில் ஒரு பத்திரிகை ஆசிரியர் இருக்கிறார்.

அரசாங்க டிவி, அரசாங்கம் நியமித்த இயக்குநர், ஒரே கட்சி. அந்த நாற்காலியிலிருந்து டான்குவாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்க முடியுமா? ஷெர்லியைத் திட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. சொந்த நாடு பாஸ்போர்ட்டைப் பிடுங்கியபோது வீடு கொடுத்தவர் இன்க்ருமா. கணவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தவர் அவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்ம ஊரில் சொல்வது நல்ல விஷயம்தான். ஆனால் பத்திரிகைக்காரருக்கு அந்த உப்பு தொண்டையில் சிக்கிக்கொள்ளும். விருந்தாளிக்கு எப்பவும் பாதி வாய்தான்.

இதே அக்ராவுக்கு அந்தக் காலத்தில் இன்னொருவரும் வந்தார். மாயா ஏஞ்சலோ. அப்போது அவர் பிரபலம் இல்லை. கெய்ரோவில் ஒரு ஆங்கில வாரப் பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு, 1962-ல் மகனை கானா பல்கலைக்கழகத்தில் சேர்க்க வந்தார். சேர்த்துவிட்டு லைபீரியாவுக்கு வேலைக்குப் போவதாகத் திட்டம். வந்த சில நாளிலேயே மகனுக்குக் கார் விபத்து, கழுத்தெலும்பு முறிவு. தங்கிவிட்டார். பல்கலைக்கழகத்தில் அலுவலக வேலை பார்த்தார், கானியன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார், ரேடியோ கானாவுக்கும் எழுதிக் கொடுத்தார். 1964-ல் மால்கம் எக்ஸ் அக்ரா வந்தபோது பழகி, அவரோடு வேலை செய்வதற்காக 1965-ல் அமெரிக்கா திரும்பினார். திரும்பிய சில நாளில் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டது வேறு சோகம்.

ஷெர்லி அக்ராவுக்குள் வந்தது அரண்மனை வாசல் வழியாக. மாயா வந்தது ஆஸ்பத்திரி வாசல் வழியாக. மாயாவுக்கு நாற்காலியும் இல்லை, அதைப் பிடுங்க ஆளும் இல்லை. கிளம்பணும் என்று தோன்றியபோது கிளம்பினார். ஷெர்லிக்கு அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை.

1966 பிப்ரவரி 24. வியட்நாம் சமாதானப் பேச்சுக்காக ஹனோய் போகிற வழியில் இன்க்ருமா பெய்ஜிங்கில் இருக்கிறார். விடியற்காலையில் அக்ராவில் ராணுவம் இறங்கியது. கர்னல் கொட்டோக்கா ரேடியோ நிலையத்துக்குப் போய், ஆட்சி கவிழ்ந்தது என்று அறிவித்தார். ஷெர்லியின் டிவிக்கு அப்போது ஏழு மாசம்கூட முடியவில்லை. பதவி போனது, சீக்கிரமே நாட்டை விட்டும் வெளியேற வேண்டியதாயிற்று. கெய்ரோவில் குடியேறினார். 1970-ல் சொந்த ஊரான அமெரிக்காவுக்கு வர விசா கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார்கள். 1977-ல் பெய்ஜிங்கில் இறந்தார். எத்தனை ஊர் பாருங்க.

அதைவிட வேடிக்கை இன்க்ருமாவின் கதை. கினி நாட்டில் அடைக்கலம் புகுந்தவர், 1966-ல் கானாக்ரி வானொலியிலிருந்து கானா மக்களுக்குப் பேசினார். ஒரு மேற்கு ஆப்பிரிக்க வானொலியைக் கையில் வைத்திருந்தவர், இன்னொரு மேற்கு ஆப்பிரிக்க வானொலியில் விருந்தாளி!

டிரைவர் சொன்னது அதோடும் முடியவில்லை. 1967 ஏப்ரலில் ஒரு இளம் ராணுவ அதிகாரி ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றார். அவருடைய ஆட்களும் ரேடியோ நிலையத்துக்குத்தான் போனார்கள். கொட்டோக்கா அன்றைக்குத்தான் கொல்லப்பட்டார். பிறகு அக்ரா விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1979-ல் ராலிங்ஸ், 1981 கடைசி நாளில் மறுபடி ராலிங்ஸ், ரெண்டு முறையும் நாடு அவர் குரலைக் கேட்டது ரேடியோவில்தான். 1992 அரசியல் சட்டத்தில் ஊடகச் சுதந்திரத்துக்குத் தனி அத்தியாயமே எழுதினார்கள். 1995-ல் ஜாய் எஃப்.எம். என்ற தனியார் வானொலி வந்தது, பின்னாடியே வரிசையாகப் பல வந்தன. இப்போது ஆட்சியைப் பிடிக்க நினைக்கிறவன் எத்தனை ஸ்டேஷனுக்குத்தான் ஓடுவான்? மைக் ஒரே கையில் இல்லாமல் போனதுதான் பெரிய பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஷெர்லியின் டிவி, ஜி.டிவி என்ற பெயரில் இன்னமும் ஓடுகிறது. இப்போது விளம்பரம் எல்லாம் வருகிறது.

சரி, இதெல்லாம் எதுக்கு உனக்கு என்று கேட்பீர்கள்.

இங்கே நான் வேலை செய்கிற வங்கி, "கம்பெனியை விட்டுட்டு நேரா எங்ககிட்டயே வந்துடு, மூணு வருஷ காண்ட்ராக்ட்" என்று கேட்டிருக்கிறது. வாச்சே என்று ஒரு சாப்பாடு இங்கே தெருவெல்லாம் கிடைக்கும், கிட்டத்தட்ட நம்ம தட்டப்பயறு சாதம். காலையில் அதைச் சாப்பிடப் பழகிவிட்டேன். ஊரும் மனுஷங்களும் பிடித்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் மனசில்லை. போனில், "உன்னக் கூப்புட்ட ஆளு நாளைக்கு அங்க இல்லன்னா உன்ன யாருப்பா பாத்துப்பா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ஷெர்லியைத் தெரியாது. ஆனால் ஷெர்லி கதையின் மொத்தச் சிக்கலும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

என்னை அழைத்தது ஒரே ஒரு பெரிய அதிகாரி. அவரைப் பிடித்துத்தான் இங்கே எல்லாம் நடக்கிறது. அதனால் திங்கட்கிழமை அவரிடம் ரெண்டு விஷயம் கேட்கப் போகிறேன். ஒன்று, காண்ட்ராக்ட் அவர் பேரில் இல்லாமல் வங்கியின் பேரில், என்னைப் போலவே மற்றவர்களுக்கும் உள்ள விதிமுறைப்படி வேண்டும். ரெண்டு, நான் பார்க்கிற வேலையைக் கற்றுக்கொள்ள இந்த ஊர்ப் பசங்க ரெண்டு பேர் முதல் நாளிலிருந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் சரி என்றால் இருப்பேன். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், கிளம்பிவிடுவேன்.

டிக்கெட் அக்டோபர் வரைக்கும் செல்லும்.