முற்றத்தில் ஒரு குடிமராமத்து

கண்ணுக்குத் தெரியும் பழுதுக்கு ஆயிரம் வைத்தியர் உண்டு. மண்ணுக்குள் மறைந்த பழுதுக்கோ, வைத்தியரைத் தேடுமுன் உரிமையாளரைத் தேட வேண்டியிருக்கிறது. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பாடு. கதவு கழன்றால் குடியிருப்பவர் பாடு. நிலத்துக்கடியில் செல்லும் குடிநீர்க் குழாய் ஒழுகினால் மட்டும், ‘அது என்னுடையதன்று’ என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் இடமிருக்கிறது. அடுக்கு வீடுகளில் வாழ்ந்து பழகிய தலைநகர்த் தமிழர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊரில் கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். அதன் நலமும் கேடும் தெரியும். இங்கோ அது எவ்வழியே வருகிறது, வரும் வழியில் யாரோடு உறவாடுகிறது என்பதெல்லாம் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையேயான இரகசியம்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். 2003ஆம் ஆண்டு தில்லிக்கு வந்தேன். 2011ஆம் ஆண்டு, கடன் பெற்று, நான்கு வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கட்டடம் ஒன்றில் தரைத்தள வீட்டை வாங்கினேன். கட்டடம் 1984ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தரைத்தள வீட்டுக்கு மட்டும் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு முன்முற்றம் உண்டு. தெருவோரச் சுவரில் நான்கு வீடுகளுக்குமான நான்கு தண்ணீர் மீட்டர்கள் வரிசையாக இருந்தன. அவற்றிலிருந்து புறப்பட்ட நான்கு இரும்புக் குழாய்களும் என் முற்றத்து மண்ணுக்கடியில் உடன்பிறந்தார் போல ஒட்டிப் படுத்து, கட்டடத்தை அடைந்த பின்னரே தத்தம் வீடு நோக்கி மேலேறின. முற்றம் எனக்குரியது, அதன் அடிவயிறு நால்வர்க்கும் பொது.

அந்த முற்றத்தில்தான் என் அன்னையார் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டார். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து, ஈரச் சாக்கில் சுற்றி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வண்டியில் தம் மடியருகே வைத்துக்கொண்டு வந்த கன்று அது. தில்லிக் குளிரில் ஆண்டுதோறும் இலையுதிர்த்து, வெயில் ஏறியதும் தளிர்த்து, ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தது. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் இரசத்திலும் அதன் மணம் இருந்தது. அன்னையார் 2019இல் மறைந்தார், மரம் நின்றது.

2023 செப்டம்பரில், மழை ஓய்ந்த பின்னும், மரத்தடி மண் மட்டும் காயாமல் இருந்தது. அதே வாரத்தில் இரண்டாம் மாடியில் வாடகைக்கிருந்த பீகார்க் குடும்பத்தின் ஆறு வயதுப் பெண்குழந்தைக்குக் கண்கள் மஞ்சளாயின. மருத்துவர் மஞ்சட்காமாலை என்றார். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கும்படியும், தண்ணீர் வரும் வழியைப் பார்க்கும்படியும் சொன்னார்.

தில்லிக்கு இந்நோய் புதிதன்று. 1955 டிசம்பரிலும் 1956 சனவரியிலும், ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட குடிநீரில் கழிவுநீர் கலந்தமையால், இந்நகரில் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட்காமாலையால் துன்புற்றனர். ஹெபடைட்டிஸ்-இ என்னும் நுண்கிருமியே அதற்குக் காரணம் என்பது பல்லாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. அன்று ஆற்றங்கரையில் நிகழ்ந்தது, சிறிய அளவில் எந்த வீட்டு முற்றத்திலும் நிகழக்கூடும். எங்கள் பகுதியில் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டுமே வருகிறது. வரும்போது குழாயில் அழுத்தம் இருப்பதால் ஓட்டை வழியே தண்ணீர் வெளியேறும். நின்ற பின்னர் குழாய் வெறுமையாகும். அப்போது அதே ஓட்டை வெளியிலுள்ள ஈரத்தை உள்ளே உறிஞ்சும். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காகக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி இழுத்தால் அவ்வுறிஞ்சல் இன்னும் மிகும். ஆகவே ஒழுகும் குழாய் என்பது தண்ணீரை இழக்கும் குழாய் மட்டுமன்று. அழுக்கை ஏற்கும் குழாயுமாகும்.

நான்கு குழாய்களுள் எது ஒழுகுகிறது என்று கண்டறிவது கடினமாக இல்லை. ஒரு நாள் காலை, தண்ணீர் வரும் நேரத்தில், நான்கு வீட்டாரும் வீட்டுக்குள் எல்லாக் குழாய்களையும், தொட்டிக்குச் செல்லும் வால்வையும் மூடினோம். பிறகு மீட்டர்களின் முன்னால் நின்றோம். யாரும் நீரைப் பயன்படுத்தாதபோது மீட்டர் முள் நகர்ந்தால், மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே ஒழுக்கு இருக்கிறதென்று பொருள். மூன்று முள்கள் அசையவில்லை. இரண்டாம் மாடிக்குரியது மட்டும் நிதானமாகச் சுழன்றது: நிமிடத்துக்கு மூன்று லிட்டர்.

எழுத்தனுக்குக் கணக்கு கைவந்த கலை. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம். மூன்றால் பெருக்கினால் 720 லிட்டர். முப்பது நாளுக்கு 21,600 லிட்டர். 2015 மார்ச் முதல் தில்லியில் மீட்டருள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை என்று அறிவித்தார்களே, அவ்வளவையும் அந்தச் சிறு ஓட்டை தனியொருவனாகக் குடித்துவிட்டு, மேலும் கொஞ்சம் கேட்டது.

ஒழுக்கைக் கண்டோம்; உரியவரைக் காண்பது பாக்கியிருந்தது. மீட்டர் வரையிலுள்ள குழாய் வழங்குவோர் பொறுப்பு, அதற்குப் பிற்பட்டது வீட்டார் பொறுப்பு, இதில் ஐயமில்லை. எந்த வீட்டார் என்பதே கேள்வி. குழாய் இரண்டாம் மாடிக்குரியது. அங்கிருப்பவர் வாடகைதாரர், கடையொன்றில் சிற்றூழியம் பார்ப்பவர். வீட்டின் உரிமையாளர் வேறு நகரில் வாழ்பவர். தொலைபேசியில் பேசியபோது, முற்றம் தரைத்தளத்தாருடையது என்று நினைவூட்டினார். முதல் மாடியிலிருந்த பஞ்சாபிப் பெரியவர், தம் மீட்டர் நகரவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். மூன்றாம் மாடியார், கட்டடத்தின் பழமையே காரணம் என்றனர். அலுவலகத்தில் கோப்பொன்று பிரிவு பிரிவாகச் சென்று, ஒவ்வொரு மேசையிலும் ‘இது எம்மைச் சார்ந்ததன்று’ என்ற குறிப்பைச் சுமந்துகொண்டு திரும்புவதை நான் இருபதாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு குறிப்பும் விதிப்படி சரியாகவே இருக்கும். இங்கும் ஒவ்வொருவர் சொன்னதும் சரியே. ஆயினும் முள் சுழன்றுகொண்டிருந்தது, குழந்தை மெலிந்துகொண்டிருந்தது.

பிளம்பரை அழைத்துவந்தேன். ஒடிசா மாநிலத்துக் கேந்திரபாடா மாவட்டத்தைச் சேர்ந்தவர். அம்மாவட்டத்தில் பட்டாமுண்டை என்னும் வட்டாரம் இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் பிளம்பர்களை அனுப்புகின்ற இடம். குழாய்த் தொழிலுக்கென்றே அங்கு ஓர் அரசுப் பயிற்சி நிலையமும் உண்டு. நம் ஊர்ப்பக்கத்துப் பட்டதாரி தட்டச்சையும் சுருக்கெழுத்தையும் கற்றுத் தில்லிக்கு வண்டியேறியது போல, அவ்வூர் இளைஞர் ரிஞ்சையும் மரை வெட்டும் கருவியையும் ஏந்தி வண்டியேறுகிறார். அவர் முற்றத்தைச் சுற்றிவந்தார். மரத்தடியில் கடப்பாரையை ஊன்றி, எடுத்து, முனையை முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தது.

“குழாயை வேறு வழியாகக் கொண்டுபோகலாம் பாபு, அது பெரிய காரியமில்லை. ஆனால் கழிவுநீர்க் குழாயும் இங்கேதான் எங்கோ வாய் பிளந்திருக்கிறது. அதை அடைக்காமல் விட்டால் இன்று இந்தக் குழாய், நாளை அடுத்த குழாய். அடைக்க வேண்டுமானால் மரத்தடியைத் தோண்டியாக வேண்டும்” என்றார் இந்தியில்.

எவ்வளவு வேர் போகும் என்று கேட்டேன். பாதிக்கு மேல் என்றார்.

அன்றிரவு நான் உண்ணவில்லை. மரம் அன்னையாரின் கைபட்டது என்பது மட்டுமன்று. இந்நகரில் எங்களுக்கு வேர் உண்டு என்பதற்கு நான் காட்டக்கூடிய சான்றும் அதுவே. என் மனைவிதான் முடிவு சொன்னாள்.

“அத்தை இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் வாய்க்கால் உடைப்பெடுத்தால் யார் வயலுக்குப் பக்கத்தில் உடைந்தது என்றா கேட்பார்கள்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடமாட்டார்களா?”

ஓடுவார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஏரி, வாய்க்கால், மதகு ஆகியவற்றின் சிறு பழுதுகளை, அத்தண்ணீரை நம்பி வாழ்வோரே வீட்டுக்கொருவராக வந்து உடலுழைப்பால் திருத்தும் பழைய வழக்கம் அது. வெள்ளையர் ஆட்சியில் அவ்வழக்கம் தளர்ந்தபோது, 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் ஒன்று அதைக் கட்டாயமாக்க முயன்றது. அச்சம் தந்த சட்டத்தைவிட, கடைமடைக்காரன் வயல் காய்ந்தால் ஊருக்கே பழி என்ற எண்ணம்தான் மண்வெட்டியை எடுக்க வைத்திருக்கும் என்பது என் கருத்து.

மறுநாள் மூன்று மாடியும் ஏறி இறங்கினேன். யார் பொறுப்பு என்பதை ஒருபுறம் வைப்போம்; நால்வரும் ஒரே பள்ளத்தைக் கடந்து வரும் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்; முற்றத்தையும் மரத்தையும் நான் தருகிறேன், செலவை நான்காகப் பங்கிடுவோம் என்றேன். பஞ்சாபிப் பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அம்மாவின் மரமா?” என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். உள்ளே சென்று தம் பங்குக்கு முன்பணம் கொண்டுவந்து கொடுத்தார். மற்றவர் அதன் பின் மறுக்கவில்லை. வெளியூர் உரிமையாளரும் தம் பங்கை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தோண்டினோம். பிளம்பரும் அவர் உதவியாளும் முன்னின்றனர்; குழந்தையின் தந்தை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மண் அள்ளினார். ஒன்றரை அடியில் குழாய்கள் தென்பட்டன. துத்தநாகப் பூச்சு முற்றிலும் போய், இரும்பு செதில் செதிலாக உரிந்தது. ஓட்டை, இரண்டு குழாய்களை இணைக்கும் சாக்கெட்டின் ஓரத்தில் இருந்தது. மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் குறைவாகையால் துரு முதலில் அங்கேதான் துளைக்கும் என்று பிளம்பர் விளக்கினார். அதற்கு ஓர் அடி தள்ளி, சற்று ஆழத்தில், கழிவுநீர் செல்லும் சுட்ட மண் குழாயின் இணைப்பு வாய் விட்டிருந்தது. இரண்டையும் சுற்றிக் கறிவேப்பிலையின் வேர்கள் பின்னிக் கிடந்தன. அவற்றை அரிவாளால் வெட்டும்போது எழுந்த மணத்தை நான் இங்கு எழுத முற்படவில்லை.

கழிவுநீர்க் குழாயின் உடைந்த பகுதியை நீக்கிப் புதியது பொருத்தினார்கள். குடிநீருக்குப் பழைய வழியை அடியோடு விட்டுவிட்டு, மதிற்சுவரை ஒட்டி, கழிவுநீர்க் குழாயிலிருந்து விலகியும் அதைவிட மேலாகவும் நான்கு பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்தார்கள். ஒன்று ஓட்டையானால் மற்ற மூன்றும் அதே வயதினவே என்பதால் நான்கையும் மாற்றுவதே சிக்கனம். பள்ளத்தின் அடியில் கல் நீக்கி மணல் பரப்பினோம். குழாய் முனைகளைத் துடைத்து உலர்த்திப் பசை தடவி இணைத்தபின், உடனே மண் மூட பிளம்பர் விடவில்லை. பசை இறுகும்வரை காத்திருந்து, மறுநாள் காலைத் தண்ணீர் வந்தபோது ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த செய்தித்தாளை விரித்தார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தோம். ஒரு தாளிலும் ஈரமில்லை. அதன் பிறகே மண் விழுந்தது.

தொட்டிகளைக் கழுவி, முதலில் வந்த தண்ணீரை வீணாக விட்டு, சோதனைக் குப்பி ஒன்றிலும் பிடித்து வைத்தோம். 1982ஆம் ஆண்டு இந்திய அறிவியலார் வகுத்த எளிய முறை அது: கழிவு கலந்த தண்ணீரானால் ஒன்றிரண்டு நாளில் குப்பி கறுத்துவிடும். பழைய குழாயின் தண்ணீர் மையாகக் கறுத்திருந்தது. புதியது நிறம் மாறவில்லை. ஐப்பசியில் குழந்தை பள்ளிக்குச் சென்றாள்.

மரம் பிழைக்கவில்லை. அவ்வாண்டுக் குளிரில் உதிர்த்த இலையை அது மீண்டும் தளிர்க்கவில்லை. கறிவேப்பிலையை அறிந்தோர் ஒன்றை அறிவர்: அதன் வேரில் காயம் பட்டால் அக்காயத்திலிருந்தே கன்று கிளம்பும். 2024 பங்குனியில், தோண்டி மூடிய பள்ளத்தின் ஓரமாக, வெட்டுண்ட வேர்களிலிருந்து ஐந்து கன்றுகள் தலைதூக்கின. ஒன்றை முற்றத்திலேயே, குழாய்கள் இல்லாத மூலையில் வைத்தோம். மூன்றைத் தொட்டிகளில் பெயர்த்து மாடிக்கொன்றாகக் கொடுத்தோம். ஐந்தாவதைப் பிளம்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஊரிலும் தாளிப்பில் அதைச் சேர்ப்பதுண்டாம்.

இரண்டாம் மாடிக் கன்றுக்கு அக்குழந்தையே நாள்தோறும் தண்ணீர் விடுகிறாள். அதிகம் விட்டால் வேர் அழுகும் என்று என் மனைவி இந்தியில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இலை பறிக்கும் பருவம் இன்னும் வரவில்லை.