மூன்று கரண்டி, இரண்டு கரண்டி



போன ஞாயிறு பேரப்பிள்ளைகளோடு சென்னைக்கு அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தேன். வாசலில் பையைச் சோதித்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே சாம்பார் சாதம் 150 ரூபாய். மூன்று வருடம் முன்பு 100தான். அப்போது மூன்று கரண்டி வைத்தார்கள், இப்போது இரண்டு. கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? அன்று கரண்டி 33 ரூபாய், இன்று 75. பலகையில் பார்த்தால் விலை ஒன்றரை மடங்கு. தட்டில் பார்த்தால் இரண்டேகால் மடங்கு!

வெளியே என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். கதவை அடைத்த பிறகு ஏது அடுத்த கடை?

பக்கத்து மேசையில் ஒரு தம்பதி ஒரே தட்டை வாங்கி இரண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டினார்கள். "நீங்க சாப்பிடலையாப்பா?" என்று பெரியவள் கேட்டாள். "எங்களுக்குப் பசிக்கலைம்மா" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் விற்கக் கூடாது. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலுக்குத்தான் விலக்கு. மீறினால் 1915 எண்ணில் புகார் சொல்லலாம். சோற்றுக்கு அச்சிட்ட விலை கிடையாது. அதனால் நுழைவுச்சீட்டு வாங்குமுன் சாப்பாட்டின் விலையோடு அளவையும் கேளுங்கள்.