ஸஜ்தாவில் கனக்கும் நெற்றி

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மத்ரஸாவில் பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சியபடியே ஓதுகின்றனர். "ஸஜ்தாவுக்குக் குனிந்தால் நெற்றி கனக்கிறது, ஹஸ்ரத்" என்று பெரிய பிள்ளைகள் கூறுவதும் உண்டு. உடனே பெற்றோர் சிலர், சென்ற முறை மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தேடி எடுக்கின்றனர். "சளி பச்சையாகிவிட்டது, கிருமி சேர்ந்துவிட்டது" என்பது அவர்கள் கூறும் காரணம்.

இக்காரணம் சரிதானா என்று நாம் சிந்திக்க வேண்டும். முக எலும்புகளுக்குள் மூக்கோடு இணைந்த காற்றறைகளை அல்லாஹ் அமைத்துள்ளான். சளி பிடிக்கையில் அவற்றின் வாயில்கள் வீங்கி அடைபட, உள்ளே நீர் தேங்குகிறது. இதற்குப் பெரும்பாலும் வைரஸே காரணம். பெரியவர்களின் சளிப்பிடிப்பில் 100க்கு ஏறத்தாழ 2 மட்டுமே பாக்டீரியாத் தொற்றாக மாறுகிறது. பிள்ளைகளிடம் இது சற்று அதிகம். அப்போது பெரிதும் காணப்படுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே, மொராக்ஸெல்லா கட்டார்ராலிஸ் ஆகிய மூன்று. மூன்றாவது, பிள்ளைகளிடமே மிகுதி. இவை நலமாக இருப்போரின் மூக்கிலும் தொண்டையிலும்கூடத் தங்கியிருப்பவை. தேங்கிய நீர் கிடைத்தால் பெருகுகின்றன.

சளியின் பச்சை நிறமோ, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களால் வருவது. வைரஸ் சளியிலும் அது தோன்றும். வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது.

10 நாள் கடந்தும் குறையாத சளி, குறைந்தபின் மீண்டும் கடுமையாதல், கெட்டிச் சளியோடு 3, 4 நாள் நீடிக்கும் கடும் காய்ச்சல் ஆகியவை பாக்டீரியாவின் அறிகுறிகள். மருத்துவரை நாட வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, தாங்கவியலாத தலைவலி இருப்பின் சற்றும் தாமதிக்கலாகாது.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். மிஞ்சிய மாத்திரையைத் தாமாகவே விழுங்குவது மருத்துவமாகாது. தேவையின்றி உண்ணும் ஆன்டிபயாடிக், அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை மட்டும் நம்முள் மிச்சம் வைக்கிறது. அவை நம் வீட்டோடு நிற்பதில்லை. அண்டை வீட்டுக் குழந்தையையும் சென்றடைகின்றன. அக்குழந்தைக்கு உண்மையில் மருந்து தேவைப்படும் நாளில் அது பலனளிக்காமல் போகக்கூடும். அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதனை அற்பமாகக் கருதலாகாது.

குனிய இயலாத நோயாளி சைகையால் தொழலாம். நீர் தீங்கு தருமெனில் தயம்மும் உண்டு. இச்சலுகைகளை ஏற்று, மருத்துவர் கூறும்வரை பொறுத்திருப்பதும் தவக்குலுக்கு முரணன்று.

நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.