பெட்டி வந்துட்டு, டீச்சர்!

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் பேத்தி போனில் ‘வாழை’ படம் போட்டுக் கொடுத்தாள். மாரி செல்வராஜ் எடுத்தது, 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. நம்ம ஜில்லாக் கதை. பள்ளிக்கூடத்துப் பையன் லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிறான். பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கு வேறொரு பையன் ஞாபகம் வந்துவிட்டான். பெயர் வேண்டாம், கூடப் படித்தவர்களுக்குத் தெரியும்.

அப்போது நம்ம டூரிங் டாக்கீஸுக்குப் படப்பெட்டி பஸ்ஸில் வரும். சினிமா வியாபாரத்தில் நாம் திருநெல்வேலி–கன்னியாகுமரி ஏரியா. பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்டுதான் கடைசியாக நமக்கு. படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு விழும். ஒரு ரீல் பத்து நிமிஷம் போல. ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. முறுக்குக்காரருக்கு நல்ல வியாபாரம்.

அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவது அவன் வேலை. ஏழாம் வகுப்பு. மத்தியானத்துக்கு மேல் வகுப்பில் இருக்கமாட்டான். சினிமாப் பைத்தியம் என்று நானே முடிவுகட்டி, ஒருநாள் எல்லார் முன்னாலும் கம்பு ஒடிய அடித்தேன். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் செப்டம்பர் 5. ஆசிரியர் தினம், நம்ம ஊர் வ.உ.சி. பிறந்ததும் அன்றைக்குத்தான். பிள்ளைகளுக்காக ‘கப்பலோட்டிய தமிழன்’ போட கொட்டகைக்காரர் ஒத்துக்கொண்டார். 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்த பி.ஆர்.பந்துலுவே 1961-இல் எடுத்த படம், அதே சிவாஜி. முதல் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பாஞ்சாலங்குறிச்சி பக்கத்தில்தானே, எங்கள் அப்பா காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்களாம். இரண்டாவது வந்தபோது கையைக் கடித்தது. வ.உ.சி.க்கு வாழ்க்கையில் நடந்ததுதான் சினிமாவிலும் நடந்தது என்று எனக்குத் தோன்றும்.

அன்றைக்கு பஸ் வந்தது, பெட்டி வரவில்லை. குறுக்குச்சாலையிலேயே இறக்கிவிட்டார்களாம். இருட்டிவிட்டது. பிள்ளைகள் மணலைக் குவித்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது மூச்சிரைக்க ஒரு குரல்: “பெட்டி வந்துட்டு, டீச்சர்!” வீங்கின கையோடு மிதித்துக்கொண்டு வந்திருந்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான்.

படத்தை நிறுத்தியதும் விசாரித்தேன். கோவில்பட்டியில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பல வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன், இப்போது கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கிங்.

“பெட்டியே இல்லாமப் போச்சு டீச்சர். க்யூப் வந்துச்சு. படம் டிஸ்க்குலயோ சாட்டிலைட்லயோ வரும். மெட்ராஸ்ல இருந்து சாவி மாதிரி ஒரு நம்பர் வந்தாத்தான் ஓடும். அதுக்கு ஆபரேட்டர் எதுக்கு? பட்டனை அமுக்க யாரும் போதும்.”

நல்லதும் நடந்தது என்றும் அவனே சொன்னான். பெரிய படம் சென்னையில் வருகிற அன்றைக்கே கோவில்பட்டிக்கும் வருகிறது, கோடு விழாமல். ஆனால் டிஜிட்டல் கம்பெனிகள் கேட்ட கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் புதுப்படமே விடவில்லை. ஒன்றரை மாதம் பழைய படத்தை ஓட்டினார்களாம். 2020-இல் கொரோனா. ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டருக்கே வராமல் நேராகப் போனுக்கு வந்தது. அந்த வருஷம்தான் அவனும் வெளியே வந்தான்.

கிளம்பும்போது கேட்டேவிட்டேன், அன்றைக்கு அடித்தது ஞாபகம் இருக்கா என்று. சிரித்தான்.

“அப்பா படுக்கையில கெடந்தாரு டீச்சர். பெட்டி தூக்குனா ரெண்டு ரூவா. அரிசிக்கு ஆவும்.”

மன்னிச்சுக்கோய்யா என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “வாழையை எந்தத் தியேட்டர்ல பாத்தீங்க?” என்று பேச்சை மாற்றினான். போனில் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வருகிற செப்டம்பர் 5 சாயங்காலம் நம்ம ஊரில் திரை கட்டி ‘கப்பலோட்டிய தமிழன்’ போடலாம் என்று இருக்கிறேன். லேப்டாப்பும் புரொஜெக்டரும்தான், ஆனால் மெஷின் பக்கத்தில் அவன்தான் நிற்பான், சம்மதித்துவிட்டான். புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள், மணல் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று தெரியணும்.