கோயில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் வேணுமா?



நம்ம மெர்லிமாவ் கோயில் ஆபீஸ்ல அர்ச்சனை சீட்டு, உபயக் கணக்கு எல்லாத்தையும் வைக்கப்போற கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடுறோம். அதுல தமிழைப் போடணுமா வேண்டாமா என்று போன வாரம் பெரிய பேச்சு.

பெரியவர் ஒருத்தர், "கோயில்ல இருக்கிற மெஷின் தமிழ்லதான் பேசணும்"னாரு. பாலிடெக்னிக் படிக்கிற தம்பி, "வேண்டாம் அங்கிள், இங்கிலீஷே போதும்"னான். ரெண்டு பேரும் சொன்னது வேற வேற விஷயம். அது புரியவே ராத்திரி பத்து மணி ஆச்சு.

லினக்ஸ்ல தமிழ் என்பது ஒரே சுவிட்ச் இல்லை. மெஷின் எந்த மொழியில பேசுது என்பது ஒண்ணு. நம்ம எழுத்தை ஒழுங்கா வாங்கி வச்சு, அப்படியே திருப்பிக் கொடுக்குதா என்பது இன்னொண்ணு. தனித்தனியா வைக்கலாம்.

பேசுறது இங்கிலீஷ்லயே இருக்கட்டும் என்று முடிவு பண்ணினோம். பேக்டரில மெஷின் நின்னா, அதுல காட்டுற வார்த்தையை அப்படியே டெக்னீஷியனுக்கு போன்ல சொல்லுவோம், அவர் உடனே பிடிச்சுக்குவார். நாங்க அதைத் தமிழாக்கிச் சொன்னா யாருக்கு விளங்கும்? இதுவும் அப்படித்தான். தைப்பூச நேரத்துல மக்கர் பண்ணினா, வெளியூர்ல இருக்கிறவருக்கும் அந்தச் செய்தி புரியணும்.

ஆனா எழுத்து விஷயத்துல விட்டுக்கொடுக்கலை. ஐசில 'லெட்சுமி', 'முனியாண்டி' எல்லாம் அந்தக் காலத்துக் கிராணி காதுல விழுந்தபடி ரோமன்ல எழுதினது. வள்ளியும் வல்லியும் அதுல ஒரே ஸ்பெல்லிங். குருக்கள் சங்கல்பத்துல எதைச் சொல்லுவார்? சாமி முன்னால உங்க பேர் உங்க பேராத்தானே கேட்கணும்!

தமிழ் ஒண்ணும் கம்ப்யூட்டருக்குப் புதுசு இல்லை. நம்ம நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு செஞ்சவர். லினக்ஸ் வந்த 1991-லயே யூனிகோடின் முதல் பதிப்பும் வந்துச்சு, அதுல தமிழும் இருந்துச்சு. இப்ப யூடிஎஃப்-8 என்று வச்சா போதும், பேரெல்லாம் கேள்விக்குறியா மாறாது. ஒண்ணு கவனிக்கணும். அதுல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் பிடிக்கும். 'முனியம்மா'வுல 9 குறி, அதுக்கே 27 பைட். பேருக்கு 30 பைட்தான் இடம் விட்டா, நீளமான பேர் பாதியில வெட்டுப்படும். தம்பியை 300 விடச் சொல்லியாச்சு.

வரிசை இன்னும் சரியா வரலை. பக்கிரி, பகவதிக்கு முன்னால வரணும், மெஷின் மாத்தி வைக்குது. சீட்டு அடிக்கிற சின்ன பிரிண்டர்லயும் தமிழ் எழுத்து கிடையாது. அதனால சீட்டைப் படமா மாத்தி அனுப்புறோம். கொஞ்சம் மெதுவாத்தான் வருது, கவுண்டர்ல பொறுத்துக்குங்க.

உபயகாரர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கவுண்டர்ல உங்க பேர், நட்சத்திரம் ரெண்டையும் தமிழ்ல எழுதிக் கொடுங்க. தமிழ் எழுத வராத பிள்ளைங்க, வீட்ல பாட்டிகிட்ட வாயால சொல்லச் சொல்லி போன்ல பதிவு பண்ணிட்டு வாங்க. கேட்டு நாங்க எழுதிக்கிறோம்.