களியை மெல்லக் கூடாது

களியை மெல்லக் கூடாது. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். கொங்குப் பக்கம் ராகிக் களி தின்று வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மென்றால் பல்லில் ஒட்டும் என்பது ஒரு காரணம். விழுங்கினால் கல்லு மாதிரி வயிற்றில் கிடக்கும், மத்தியானம் தாண்டியும் பசி எட்டிப் பார்க்காது என்பது இன்னொன்று. வெயிலில் காடு கொத்தப் போகிறவர்கள் கண்டுபிடித்த தொழில்நுட்பம் அது.

போன வருடம் டீம் லஞ்சுக்காகக் கோவையில் ஒரு புது உணவகத்துக்குப் போனோம். ‘நவீன கொங்குச் சமையல்’ என்றது மெனு. கருங்கல் தட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு களி உருண்டை, அதன்மேல் கொள்ளு ரச நுரை, ஓரத்தில் வாட்டிய ஒற்றைச் சின்ன வெங்காயம். பரிமாறிய தம்பி, “ஸ்லோவா மென்னு சாப்பிடுங்க சார், அப்பத்தான் ஃபிளேவர் தெரியும்” என்றார். மென்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. ராகிக்கு இப்படி ஒரு மண்வாசனை உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு தட்டின் விலைக்குப் பத்துக் கிலோ ராகி வாங்கலாம் என்பதும் தெரிந்தது.

பழைய உணவைப் புதிதாக்குவதில் எனக்குப் புகார் இல்லை. உணவகங்கள் எப்போதும் அதைத்தான் செய்துவந்திருக்கின்றன. 1960-இல் ஈரோட்டில் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா போன்ற மெஸ்கள்தான் வீட்டுக் கோழிக் குழம்பை ஊர் ஊராகக் கொண்டுபோயின. ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் அக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயர் இன்று ஒரு கோழி வறுவலின் பெயராகிவிட்டது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, எண்ணெய். பொடி மசாலா எதுவும் வேண்டாம். ‘பாரம்பரியம்’ என்று நாம் சொல்லும் அரிசிம்பருப்புச் சோறுகூட மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கு ரொம்பப் பழையது அல்ல. மதுக்கரையில் என் அம்மிச்சியின் சிறுவயதில் அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், ராகி. ரேஷனில் அரிசி இலவசமானது 2011-இல். தானியம் மாறியபோதெல்லாம் நம் பாரம்பரியமும் மாறியிருக்கிறது.

சென்னை ஐ.டி.சி கிராண்ட் சோழாவில் 2017-இல் திறந்த அவர்தனாவில் தக்காளி ரசத்தைத் தெளிவாக வடித்து மார்ட்டினி கோப்பையில் தருகிறார்கள். அது ஒருவகைப் புதுமை. நமக்குத் தெரிந்த பண்டம், தெரியாத பாத்திரம்.

நியூயார்க்கில் 2021-இல் திறந்த ‘செம்ம’ உணவகம் செய்தது வேறு. அதன் சமையல்காரர் விஜய் குமார் திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தைச் சேர்ந்தவர். அங்கே மெனுவில் நத்தைப் பிரட்டல் இருக்கிறது. சிறுவயதில் வயலில் நத்தை பொறுக்கித் தின்றதைப் பற்றி அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். 2022-இல் மிச்செலின் நட்சத்திரமும் 2025-இல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் வந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது விருது அல்ல. வெளியே சொல்லக் கூச்சப்பட்ட ஒரு உணவு, பெயர் மாறாமல், எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் மேசைக்கு வந்ததுதான்.

கொங்கு மெனுவில் அப்படி யார் வந்திருக்கிறார்கள்? நாட்டுக்கோழி, சந்தகை, ஒப்புட்டு, இளநீர்ப் பாயசம். எல்லாம் காடு தோட்டம் வைத்திருந்தவர்களின் விருந்துச் சமையல். அந்தக் காட்டில் கூலிக்குப் போனவர்கள் மழைக்குப் பின் பிடித்து வறுத்த ஈசல் இல்லை. குடல் இல்லை, ரத்தப் பொரியல் இல்லை. மாட்டுக்கறியைப் பற்றிப் பேச்சே இல்லை. களி ஒன்றுதான் எப்படியோ உள்ளே வந்திருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அதற்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அம்மிச்சி காட்டு வேலைக்கும் போயிருக்கிறார், சுண்ணாம்புக்கல் உடைக்கவும் போயிருக்கிறார். காட்டு வேலைக்குப் போன இடத்தில் அவருக்குக் கஞ்சி ஊற்றியது வாசலுக்கு வெளியே. கையை ஏந்தித்தான் குடிக்க வேண்டும். உணவகத்தில் எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். களி என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னதும் சிரித்தார்.

“இதத் திங்காம இருக்கோணும்னுதான் கண்ணு உங்கம்மாளப் படிக்க வெச்சேன். நீ காசு குடுத்துத் தின்னுட்டு வந்திருக்கற.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களி மேல் அவருக்கு ஏக்கமும் இல்லை. ‘பாரம்பரிய உணவு’ என்ற சொல்லில் இருக்கும் ஏக்கம், அதைத் தினமும் தின்றே ஆக வேண்டும் என்று இல்லாதவர்களின் ஏக்கம். என்னுடையதும் அதில் சேர்த்திதான்.

என் தொழிலில் பத்து வருடப் பழைய நிரலைத் திருத்தி எழுதச் சொல்வார்கள். நடுவில் அர்த்தமில்லாத மாதிரி ஒரு வரி கிடக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அழித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. திரையில் எல்லாம் முன்னைவிட அழகாகத் தெரியும். ஒருநாள் யாரோ ஒருவரின் கணக்கு மட்டும் காணாமல் போயிருக்கும். ‘மெல்லாமல் விழுங்கு’ என்பதும் அப்படி ஒரு வரி. அதை எடுத்துவிட்டால் களி இன்னும் ருசியாகிறது. காணாமல் போவது, அது ஏன் தேவைப்பட்டது என்ற கணக்கு.

சமையல்காரர்கள் நுரையை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த மெனுவில் எண்ணெய் எந்த ஊர்ச் செக்கில் ஆட்டியது, கோழி எந்தப் பண்ணையில் மேய்ந்தது, உப்பு எந்தக் கடற்கரையில் அள்ளியது என்றெல்லாம் அச்சிட்டிருந்தார்கள். அவ்வளவு கவனமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, இதை யார், எதற்காக, எங்கே உட்கார்ந்து தின்றார்கள் என்று இன்னொரு வரி எழுதுவது கஷ்டமில்லை. படித்துவிட்டு, சாப்பிடுகிறவர் மெல்லலாம், விழுங்கலாம். அது அவர் இஷ்டம்.