தலைமாட்டில் ஒரு துப்பாக்கி

பல்லடம் வட்டாரத்தில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நூல் விலையைப் பற்றிப் பேசுவார்கள். இல்லாவிட்டால் கறிக்கோழி விலையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டும் சலித்துப் போனால் இருக்கவே இருக்கிறது, பெய்யாத மழை. 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியிலிருந்து இவற்றோடு துப்பாக்கியைப் பற்றிய பிரஸ்தாபமும் சேர்ந்து கொண்டது. சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் தகப்பனார், தாயார், மகன் ஆகிய மூவரும் ஒரே இரவில் வெட்டுண்டு மாண்டது அந்த மாதத்தில்தான். 2025-ஆம் வருஷக் கோடையில் சிவகிரிக்கு அருகே தோட்டத்தில் தனித்திருந்த வயோதிக தம்பதிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. “வூட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்தா இப்படி ஆகுமுங்களா?” என்ற கேள்வியை டீக் கடையிலும் கேட்டேன், பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்கள் இளைப்பாறும் அறையிலும் கேட்டேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் கொங்கு நாட்டை அறியாதவர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தைப் போல இங்கே வீடுகள் தெருவாகத் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பதில்லை. அவரவர் கிணறு எங்கேயோ அங்கே அவரவர் வீடு. அடுத்த வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டால் காது கேட்காது. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். எழுபது வயதுப் பெரியவரும் அவர் மனைவியும், இரண்டு எருமைகளும், ஒரு நாயும் அங்கே இராப் பொழுதைக் கழிக்க வேண்டும். அவர்கள் துப்பாக்கிக்கு ஆசைப்பட்டால் அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நானும் இந்தியர் கையில் ஆயுதமே கூடாது என்று சொல்கிற கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. அந்தக் கட்சிக்குத் தலைவராயிருந்தவர் லிட்டன் பிரபு. 1878-ஆம் வருஷத்தில் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயை அடைத்த அதே மகானுபாவர்தான் அதே வருஷத்தில் ஆயுதச் சட்டத்தையும் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் வைத்துக்கொள்ளலாம், நம்மவர்கள் லைசென்ஸுக்காகக் கைகட்டி நிற்க வேண்டும். இந்த அவமானத்தை நமது தேசத் தலைவர்கள் மறக்கவில்லை. 1930-ஆம் வருஷத்தில் மகாத்மா காந்தி இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரி நீக்கம் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று என்பதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். அஹிம்சா மூர்த்தி கேட்ட கோரிக்கை அது! ஆனால் ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே அந்த லைசென்ஸ் வழங்கப்பட வேண்டும் என்றும் அவர் சேர்த்தே கேட்டார். அந்தப் பின்பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

துப்பாக்கி திருடனுக்கு மட்டும் எமன் அல்ல. அதை வீட்டுக்குள் கொண்டுவந்த நிமிஷம் முதல் அது வீட்டிலுள்ள எல்லோரோடும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கிறது. திருடன் வருஷத்தில் ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். பேரக்குழந்தைகளோ பரீட்சை முடிந்த மறுநாளே வந்துவிடுகிறார்கள். 2024-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி விடியற்காலையில் பம்பாயில் ஹிந்தி நடிகர் கோவிந்தா, வெளியூர்ப் பயணத்துக்கு முன் தமது லைசென்ஸ் பெற்ற ரிவால்வரை எடுத்து வைக்கப் போனார். கைதவறி விழுந்த ரிவால்வர் வெடித்தது; குண்டு அவர் காலிலேயே பாய்ந்தது. நல்ல வேளை, உயிர் பிழைத்தார். திரைப்படங்களில் எத்தனையோ துப்பாக்கிகளைச் சுழற்றிய கை அது. பழைய மாதிரி ரிவால்வர்கள் பலவற்றில் குதிரையானது தோட்டாவின் முதுகின்மேலேயே படுத்திருக்கும். கீழே விழுந்த அதிர்ச்சியே போதும், விசையை யாரும் இழுக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 2021-ஆம் வருஷம் ஒரு படப்பிடிப்பில், “காலித் துப்பாக்கி” என்று சொல்லி நடிகர் கையில் கொடுத்த ரிவால்வரில் உண்மைத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவு செய்து கொண்டிருந்த பெண்மணி மாண்டார். ஆயுதங்களுக்குப் பொறுப்பாயிருந்த யுவதி 2024-இல் சிறை சென்றாள். இம்மாதிரிச் செய்திகளையெல்லாம் ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் கடைசி வரி ஒன்றாகவே இருக்கிறது: “குண்டு இல்லை என்று நினைத்தேன்.”

என் தாயாரின் பிறந்த வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பயிர்க் காவலுக்காக அப்பிச்சி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து, ரவையைப் போட்டு, இரும்புக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய தினுசு. ஆசாரத்துச் சுவரில் இரண்டு ஆணிகளின்மேல் அது படுத்திருக்கும். அதற்கு நேர் கீழேதான் விடுமுறைக்குப் போகும் பேரப் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையாகப் பாய் விரித்து உறங்குவோம். அப்பிச்சி காலமான சில வருஷங்களுக்குப் பிறகு அதைச் சர்க்காரில் ஒப்படைத்துவிட மாமன் தீர்மானித்தார். துடைத்துக் கொடுப்பதற்காக வந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதல் காரியமாக அந்தக் கம்பியைக் குழலுக்குள் விட்டார். அடிவரை இறங்க வேண்டிய கம்பி நாலு விரற்கடை முன்னதாகவே நின்றது. கம்பியை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். பிறகு எல்லோரையும் ஆசாரத்தை விட்டு வெளியே போகச் சொன்னார். அப்பிச்சி என்றோ ஓர் இராத்திரி மயிலுக்கோ நரிக்கோ கெட்டித்த மருந்து, அவர் போன பிறகும் குழலுக்குள் காத்திருந்தது. வாய் வழியே நிரப்பும் துப்பாக்கியில் இதுதான் தொல்லை: பார்த்தால் தெரியாது, கம்பியை விட்டு அளந்தால்தான் தெரியும்.

பிற்காலத்தில், பள்ளிக்கூடத்தில் தேசிய மாணவர் படையை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. பையன்களுக்குப் ‘பாயிண்ட் டூ டூ’ ரைபிள் சொல்லிக் கொடுப்பதற்காக ஹவில்தார் ஒருவர் வருவார். பாடத்தின் முதல் உத்தரவு, “நிரீக்ஷண் கே லியே, ஜாஞ்ச் சஸ்த்ர்” என்பது. ரைபிளின் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருவன் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தால், அடுத்தவனும் பார்க்க வேண்டும். “இப்பத்தான் சார் அவன் பார்த்தான்!” என்று ஒரு பையன் முறையிட்டான். “அவன் பார்த்தது அவனுக்கு, நீ பார்” என்றார் ஹவில்தார். குழலின் வாய் காலியாயிருந்தாலும் மனிதர் பக்கம் திரும்பக் கூடாது. சுடுகிற கணம் வரையில் விரல் விசைக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம்; இதற்கு யுனிவர்ஸிடிப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் பையன்களுக்கு இது பழக்கமாக ஆறு மாதம் பிடிக்கிறது.

இன்னொரு விதி உண்டு. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறியாமல் சுடலாகாது. அந்தச் சின்ன ரைபிளின் குண்டே ஒரு மைலுக்கு மேல் போகக் கூடியது. புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலை அருகே 2021-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை. போலீஸ் இலாகாவின் சுடு தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்து கொண்டிருந்தார்கள். ஒரு கிலோ மீட்டருக்கும் அப்பால், தாத்தா வீட்டில் சாப்பிட்டுக் கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சஸ்திர சிகிச்சை செய்தும், 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்து போனான். சுட்டவர்கள் சுடுவதையே தொழிலாகக் கற்றவர்கள். அவன் மேல் அவர்களுக்கு ஒரு விரோதமும் இல்லை. பல்லடத்திலோ குண்டைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. இருட்டில் வேலியோரம் அசைந்தது திருடனா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டைத் தேடி வந்தாரா என்று கண்டுகொள்வதற்குள் விசை இழுபட்டுவிடும்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 2016-ஆம் வருஷத்து விதிகள், லைசென்ஸ் கேட்கிறவர் ஆயுதத்தைக் கையாளவும் பத்திரமாக வைக்கவும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தம், கொண்டாட்டங்களில் அஜாக்கிரதையாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று சொல்கிறது. (வடக்கே மாப்பிள்ளை ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிற வழக்கம் உண்டு. மேலே போன குண்டு ஆகாசத்திலேயே தங்கிவிடும் என்று எண்ணுகிறார்கள் போலும்! நாம் அதிர்வேட்டோடு நின்றது நமது பாக்கியம்.)

சென்ற மாதம் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், கலெக்டருக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்தார்.

“துப்பாக்கிய எங்கீங்க வெப்பீங்க?” என்று கேட்டேன்.

“தலமாட்டுலதானுங்க வாத்தியாரே.”

“தோட்டா போட்டுங்களா?”

“போடாம வெச்சா அது வெறகுங்களே!”

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. துப்பாக்கி ஓர் இரும்புப் பெட்டியிலும், தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும் என்று நான் சொன்னால், நள்ளிரவில் கதவை உடைப்பவன் இரண்டு சாவியையும் தேடி எடுக்கும் வரையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பானா? நாயையும், வாசல் விளக்கையும், அடுத்த தோட்டத்துக்குக் கேட்கிற அபாய மணியையும் பற்றிச் சொன்னேன். “நாயெல்லாம் கறிய வீசினா அடங்கிப் போயிருமுங்க” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். அப்போது உள்ளேயிருந்து காபியோடு வந்த அவர் மனைவி, “சித்திரைல பேரனுங்க ரெண்டும் வருதுங்களே, அவனுக உங்க தலமாட்டுலதான படுப்பானுக? அன்னைக்கு எங்க வெப்பீங்க?” என்று கேட்டார்.

பெரியவர் பதில் சொல்லாமல் காபியைக் குடித்து முடித்தார். விண்ணப்பத்தை எழுதித்தான் கொடுத்தேன். அவர் இன்னும் அதில் கையெழுத்திடவில்லை. இப்போது இரும்புப் பெட்டியின் விலையை விசாரித்துக் கொண்டிருக்கிறார். அதன் சாவி யாரிடம் இருப்பது என்று அந்தத் தம்பதிகளுக்குள் இன்னும் தீர்மானமாகவில்லை.